விளக்கெண்ணெயும் முயல் எலும்பும்

சென்ற மாத அறிவியல் துணுக்குகளில், தாவரங்களிலிருந்து பெறும் பாலிமர்களை (சிறு மூலக்கூறுகள் சங்கிலியாகப் பிணைந்த பொருள்களை) எலும்புக்குப் பதிலாக வைத்து விலங்குகளில் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று நான்கு வரி எழுதியிருந்தேன். அந்த நான்கு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கால்நடை நோய்க்குறியியல் துறையில் எலும்புச் சீவல்களை நுண்ணோக்கியில் பார்த்தே பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்பதால், இம்மாதப் பகுதி முழுவதையும் இந்தக் கேள்விகளுக்கே ஒதுக்கும்படி ஆசிரியரைக் கேட்டுக்கொண்டேன். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து ஒரு கேள்வியாக்கியிருக்கிறேன்.

விபத்தில் கால் எலும்பு நொறுங்கிய என் தம்பிக்கு இடுப்பிலிருந்து எலும்பெடுத்து வைத்தார்கள். காலைவிட இடுப்புதான் அதிக நாள் வலித்தது என்கிறான். சொந்த எலும்பே இருக்கும்போது வேறு பொருளைத் தேடுவது ஏன்?
— இல்லத்தரசி, மதுரை

தங்கள் தம்பியின் முறையீட்டிலேயே விடையும் இருக்கிறது. இடுப்பெலும்பின் மேல்விளிம்பிலிருந்து எடுக்கும் சொந்த எலும்புக்கு நிகரான பொருள் இன்றுவரை கிடைக்கவில்லை. அதில் உயிருள்ள செல்கள் இருக்கின்றன, எலும்பை வளரத் தூண்டும் புரதங்கள் இருக்கின்றன, புது எலும்பு பற்றிப் படர்வதற்கான சட்டகமும் இருக்கிறது. போதாக்குறைக்கு, உடல் அதை அந்நியமாக நினைப்பதே இல்லை. ஆனால் அதை எடுக்க இன்னொரு புண் உண்டாக்க வேண்டும், அந்தப் புண் வலிக்கும், எடுக்கக்கூடிய அளவுக்கும் ஓர் எல்லை உண்டு. குழந்தைகளிடமும், எலும்பு தேய்ந்த முதியவர்களிடமும் எடுக்க அதிகம் இருக்காது. இறந்தவர்கள் தானமாகத் தந்த எலும்பையும் மாட்டெலும்பிலிருந்து பதப்படுத்திய கனிமத் துகளையும் பயன்படுத்துகிறார்கள். ஆயினும் அவை எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை, எல்லாருக்கும் ஏற்புடையதாகவும் இல்லை. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்களே, எலும்பு மாற்றுப்பொருள்கள் எல்லாமே அந்த இலுப்பைப்பூ வகைதான். எந்த இலுப்பைப்பூ சர்க்கரைக்கு எவ்வளவு கிட்டே வருகிறது என்பதைக் கண்டறியத்தான் விலங்குச் சோதனை.

ஆமணக்குப் பயிரிடும் விவசாயி நான். அதன் விதையை மாடு தின்றால் பிழைக்காது. அப்படிப்பட்ட விதையின் எண்ணெயை எலும்புக்குள் எப்படி வைக்கிறார்கள்? எண்ணெய் எப்படிக் கல்லாகிறது?
— விவசாயி, சேலம் மாவட்டம்

நல்ல கேள்வி, முதலில் நஞ்சைப் பார்த்துவிடுவோம். ஆமணக்கு விதையிலுள்ள ரிசின் என்னும் நஞ்சு ஒரு புரதம். அது நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. எனவே விதையைப் பிழியும்போது அது புண்ணாக்கோடு தங்கிவிடுகிறது. எண்ணெயோடு தப்பித் தவறி வருவதும் சூடாக்கும்போது செயலிழந்துவிடுகிறது. ஆமணக்குப் புண்ணாக்கை மாட்டுக்குப் போடாமல் வயலுக்கு உரமாகப் போடுகிறீர்களே, காரணம் இதுதான். விளக்கெண்ணெயைத் தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளுக்குக் கொடுத்தும் யாரும் சாகவில்லை என்பதற்கும் அதுவே காரணம்.

இனி, எண்ணெய் எப்படிக் கல்லாகிறது என்பது. ஆமணக்கெண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு ரிசினோலிக் அமிலம். இந்த அமிலத்தின் நீண்ட கார்பன் சங்கிலியில் பன்னிரண்டாவது கார்பனில் ஹைட்ராக்சில் தொகுதி ஒன்று கொக்கிபோல் தொங்கிக்கொண்டிருக்கிறது. கடலை எண்ணெயிலோ நல்லெண்ணெயிலோ இந்தக் கொக்கி கிடையாது. ஆமணக்கெண்ணெயின் ஒவ்வொரு மூலக்கூறிலும் பெரும்பாலும் மூன்று கொக்கிகள் இருக்கும். ஐசோசயனேட் என்ற வேதிப்பொருளைச் சேர்த்தால் அது ஒரு கொக்கியை இன்னொரு மூலக்கூறின் கொக்கியோடு பிணைக்கிறது. பிணைப்புகள் எல்லாத் திசையிலும் பரவ, வழவழப்பான எண்ணெய் பாலியூரித்தேன் என்னும் கெட்டியான பாலிமராகிவிடுகிறது. கலவையில் கால்சியம் கார்பனேட் தூளைச் சேர்ப்பதுண்டு. கொஞ்சம் ஈரம் பட்டால் கரியமில வாயு வெளியாகி உள்ளே நுண்துளைகளை உண்டாக்கும். அந்தத் துளைகள் வேண்டுமா வேண்டாமா என்பதை வைத்துத்தான் அடர்த்தியான வகை, துளையுள்ள வகை என்று இரண்டு விதமாகச் செய்கிறார்கள்.

இதை முதன்முதலில் மருத்துவத்துக்குக் கொண்டுவந்த நாடு பிரேசில். அங்கே ஆமணக்கை மமோனா என்கிறார்கள். ஒருகாலத்தில் உலகிலேயே அதிகமாக அதைப் பயிரிட்டவர்களும் அவர்கள்தாம். (இப்போது அந்த இடம் இந்தியாவுக்கு; குஜராத்தில்தான் பெரும்பகுதி விளைகிறது. உங்கள் மாவட்டத்து ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்குமென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் இருப்பதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.) சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தின் சாவோ கார்லோஸ் வளாகத்தில் வேதியியல் பேராசிரியராக இருந்த ஜில்பெர்தோ கியெரிசே, 1980களில் தம் குழுவினரோடு இந்தப் பாலிமரை எலும்புக்கு ஏற்றதாக உருவாக்கத் தொடங்கினார். முயல், எலி, நாய் என்று பல விலங்குகளில் சோதித்த பின் பிரேசிலின் சுகாதார அமைச்சகம் அனுமதி தந்தது. 2003இல் அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகமும் அனுமதித்தது.

இந்தப் பொருளில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று அதன் சூடு. மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சையில் நெடுங்காலமாகப் பயன்படும் அக்ரிலிக் சிமெண்ட் கெட்டியாகும்போது, ஆய்வகத்தில் 70 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடேறும். ஆமணக்குப் பாலிமர் ஏறத்தாழ 45 டிகிரியோடு நின்றுவிடும். இந்த வேறுபாடு அற்பமானதன்று. ஸ்வீடனில் எரிக்சன், அல்பிரெக்ட்சன் என்ற இருவர் 1983இல் உயிருள்ள முயலின் எலும்பைச் சூடுபடுத்திப் பார்த்து, 47 டிகிரியில் ஒரு நிமிடம் இருந்தாலே எலும்பு பாதிக்கப்படுகிறது என்று காட்டினார்கள். 45க்கும் 47க்கும் இடையில் இருப்பது இரண்டே டிகிரி. அந்த இரண்டு டிகிரியின் மதிப்பை நமக்குச் சொன்னதும் ஒரு முயல்தான்.

எலி, முயல், நாய், செம்மறி என்று ஒவ்வொரு கட்டுரையிலும் ஒவ்வொரு விலங்கைச் சொல்கிறார்கள். எது சரியான விலங்கு? சோதனையை எப்படித்தான் செய்கிறார்கள்?
— முதுகலை மாணவி, தஞ்சாவூர்

விலங்குக்கு முன்பு ஆய்வகத் தட்டு இருக்கிறது. ஐஎஸ்ஓ 10993 என்ற பன்னாட்டுத் தர வரிசையின்படி, பொருளிலிருந்து கசியும் நீர் செல்களைக் கொல்கிறதா என்று கண்ணாடித் தட்டில் முதலில் பார்த்தாக வேண்டும். அங்கே தோற்ற பொருளை விலங்குக்குள் வைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. அதில் தேறிய பொருள்தான் எலிக்கோ முயலுக்கோ வருகிறது.

எலி மலிவானது, வளர்க்க எளிது. மண்டையோட்டின் மேற்பகுதியில் வட்டத் துரப்பணத்தால் 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு துளை போட்டு, அதில் பொருளை வைத்துத் தோலைத் தைத்துவிடுகிறார்கள். ஆனால் மனித எலும்பில் இருக்கும், இரத்த நாளங்கள் ஓடும் ஹாவர்சியன் நுண்குழாய் அமைப்பும் அதன் வழியே நடக்கும் உள்புதுப்பித்தலும் எலி எலும்பில் இல்லை. முயலுக்கு அது உண்டு. அதனால் முயலின் மண்டையோட்டில் 15 மில்லிமீட்டர் துளையோ, முன்னங்காலின் ஆரை எலும்பில் 15 மில்லிமீட்டர் நீளத் துண்டை நீக்குவதோ வழக்கமான முறைகளாகிவிட்டன. முன்னங்காலைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. முயலுக்கு ஆரையும் அதன் பக்கத்து எலும்பான அல்னாவும் இறுக ஒட்டியிருப்பதால், ஒன்றிலிருந்து துண்டை எடுத்தாலும் மற்றது கட்டைபோல் தாங்கிக்கொள்ளும். தகடும் திருகும் வேண்டியதில்லை, முயலும் ஓரிரு நாளில் காலை ஊன்றிவிடும். உடல் எடையைச் சுமக்கும் எலும்பில் பொருள் தாங்குமா என்று பார்க்க வேண்டுமானால் செம்மறிக்குப் போகிறார்கள், ஏனெனில் அதன் எடை கிட்டத்தட்ட மனிதர் எடை. எலும்பின் உட்கூறில் மனிதருக்கு மிக நெருங்கியது நாய் என்றாலும், அதைத் தேர்ந்தெடுக்க இப்போது பலரும் தயங்குகிறார்கள். தயங்குவது சரியென்றே நானும் நினைக்கிறேன்.

துளையின் அளவை ஏன் இத்தனை கறாராகச் சொல்கிறேன் என்றால், சிறிய துளையை எலும்பு தானே மூடிவிடும். அந்த விலங்கின் வாழ்நாள் முழுவதும் விட்டுவைத்தாலும் தானாக ஆறாத மிகச் சிறிய குறை எதுவோ, அதையே சோதனைக்குரிய அளவாகக் கொள்ள வேண்டும் என்று 1986இல் அமெரிக்க ஆய்வாளர்களான ஷ்மிட்ஸும் ஹாலிங்கரும் வரையறுத்தார்கள். இதை மறந்தால் என்ன ஆகும் என்பதை நேரில் கண்டவன் நான். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வகத்திலிருந்து (பெயர் வேண்டாம்) முயல் தொடையெலும்புச் சீவல்கள் கொண்ட ஒரு பெட்டி எனக்கு வந்தது. எது எந்தக் குழு என்று எனக்குத் தெரியக்கூடாது என்பதற்காகக் கண்ணாடித் தகடுகளில் எண் மட்டுமே எழுதியிருந்தார்கள், அது முறைதான். எண்ணிட்ட வரிசையில் ஒவ்வொன்றாகப் பார்த்து, புது எலும்பு நிறைந்திருப்பதாக எழுதிக்கொண்டே போனேன். இருபதாவது தகடு வந்தபோது பேனாவை வைத்துவிட்டேன், ஏனென்றால் எல்லாமே நிறைந்திருந்தன. பிறகு விசாரித்தால், போட்ட துளை 3 மில்லிமீட்டர், முயல்களுக்கு வயது நான்கு மாதம்! முயலின் எலும்பு முதிர்வதற்கு ஏறத்தாழ ஆறு மாதமாகும். வளரும் குட்டியின் 3 மில்லிமீட்டர்த் துளை எந்தப் பொருளும் வைக்காமலேயே மூடிக்கொள்ளும்; பொருள் வைத்த குழுவுக்கும் வெறுமனே விட்ட குழுவுக்கும் வேறுபாடு எங்கிருந்து வரும்? அத்தனை முயல்களும் வீணாயின. இன்றும் ஓர் ஆய்வறிக்கை கைக்கு வந்தால், முடிவைப் படிப்பதற்கு முன் துளையின் விட்டத்தையும் விலங்கின் வயதையும், வெறுமனே விட்ட குழு ஒன்று இருக்கிறதா என்பதையும் தேடிப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. தாங்களும் அந்த வழக்கத்தைப் பழகிக்கொள்ளுங்கள்.

எலும்பு எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதை அளப்பதற்கு ஓர் அழகான வழி உண்டு. டெட்ராசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கால்சியத்தோடு ஒட்டிக்கொள்ளும். எனவே அதை ஊசி போட்ட நாளில் எங்கெல்லாம் புது எலும்பு படிந்துகொண்டிருந்ததோ, அங்கெல்லாம் அது பதிந்துவிடும். பத்து நாள் கழித்து மீண்டும் ஒருமுறை போடுவார்கள். பிறகு எலும்பை வைரப் பல் ரம்பத்தால் சீவி, தாளைப்போல் தேய்த்து, புற ஊதா ஒளியில் வைத்தால் இருண்ட எலும்பில் இரண்டு மஞ்சள் கோடுகள் மரத்தின் ஆண்டு வளையம்போல ஒளிரும். கோடுகளின் இடைவெளியைப் பத்தால் வகுத்தால் ஒரு நாள் வளர்ச்சி கிடைத்துவிடும். பொருள் வைத்த இடத்தில் அந்தக் கோடுகள் நெருங்கிவந்து மங்கினால் எலும்பு தயங்குகிறது என்று பொருள். பாலிமரின் விளிம்பைத் தொட்டபடி ஓடினால், அது பாலிமரை ஏற்றுக்கொண்டுவிட்டது என்று நம்பத் தொடங்கலாம்.

ஆமணக்குப் பாலிமரை வைத்த முயல்களில் கடைசியில் என்ன கண்டார்கள்? வேறு தாவரங்களும் இந்த வரிசையில் உண்டா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், விருதுநகர்

ஆமணக்குப் பாலிமர் நஞ்சாகவில்லை என்பதில் பெரும்பாலான சோதனைகள் ஒத்துப்போகின்றன. முதல் வாரங்களில் எந்தப் புண்ணிலும் வரும் அழற்சி வந்து, பின்பு தணிந்தது, திசு சாகவில்லை. துளையுள்ள வகையில் எலும்பு விளிம்பிலிருந்து துளைகளுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக நுழைந்தது. ஆனால் சொந்த எலும்பை வைத்த குழுவோடு ஒப்பிட்டால் வேகம் குறைவு. சில சோதனைகளில் பாலிமருக்கும் எலும்புக்கும் இடையே மெல்லிய நார்த்திசு உறை ஒன்று உருவாகியிருந்தது. பாலிமர் பெரும்பாலும் கரையாமல் அப்படியே இருந்தது. சுருங்கச் சொன்னால், அது குறையை நிரப்பும் நல்ல பொருள். எலும்பாக மாறும் பொருளன்று. அதனால்தான் மண்டையோடு, தாடை போன்ற, அதிகப் பளு ஏறாத இடங்களில் அதற்கு மதிப்பு.

வேறு தாவரங்களும் உண்டு. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகமும் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகமும் சேர்ந்து, மரக்கூழின் செல்லுலோஸிலிருந்து எடுத்த நுண்படிகங்களைப் பஞ்சுபோன்ற ஏரோஜெல்லாக்கி, எலிகளின் மண்டையோட்டுத் துளைகளில் வைத்தார்கள். 2019இல் வெளியான அந்த ஆய்வின்படி, அதை வைக்காத எலிகளைவிட மூன்றாவது வாரத்தில் 33 விழுக்காடும், பன்னிரண்டாவது வாரத்தில் 50 விழுக்காடும் அதிக எலும்பு வளர்ந்திருந்தது. ஒட்டாவா பல்கலைக்கழகத்தார் இன்னும் வேடிக்கையான வழியில் போனார்கள். ஆப்பிள் துண்டைச் சோப்பு நீரில் அலசி அதன் செல்களை எல்லாம் நீக்கிவிட்டு, எஞ்சிய செல்லுலோஸ் கூட்டை எலியினத்தின் தோலுக்கடியில் வைத்துப் பார்த்தார்கள். எட்டு வாரத்தில் அந்தக் கூட்டுக்குள் இரத்த நாளங்கள் நுழைந்திருந்தன. தோலுக்கடியில் கிடைத்த இந்த வெற்றியை எலும்புக்குள் கிடைத்த வெற்றியாக எண்ணிவிடக் கூடாது. அது முதல் படி மட்டுமே.

ஜில்பெர்தோ கியெரிசே என்ற பெயரை இணையத்தில் தேடினால் புற்றுநோய் மாத்திரை பற்றிய சர்ச்சைதான் வருகிறது. இருவரும் ஒருவரா?
— பொறியாளர், கோயம்புத்தூர்

ஒருவரே. இந்தக் கேள்வி வரும் என்று நினைத்தேன். எலும்புப் பொருளை உருவாக்கிய அதே வேதியியலர்தான் பாஸ்போஎத்தனாலமின் என்ற பொருளைச் செயற்கையாகத் தயாரித்து, முறையான மனித மருத்துவச் சோதனை எதுவும் நடக்காமலேயே 1990களிலிருந்து புற்றுநோயாளிகளுக்கு இலவசமாகக் கொடுத்துவந்தார். 2014இல் பல்கலைக்கழகம் அதை நிறுத்தியது. நோயாளிகள் நீதிமன்றம் சென்றார்கள். 2016 ஏப்ரலில் அதை அனுமதித்து ஒரு சட்டமே வந்தது. அடுத்த மாதம் உச்சநீதிமன்றம் அச்சட்டத்தை நிறுத்திவைத்தது. பிறகு சாவோ பாவ்லோவில் நடந்த மருத்துவச் சோதனையில் எதிர்பார்த்த பயன் தெரியாததால், 2017இல் புதிய நோயாளிகளைச் சேர்ப்பதை நிறுத்தினார்கள். கியெரிசே 2019இல் காலமானார்.

இதை வைத்து எலும்புப் பாலிமரையும் மோசடி என்று சிலர் எழுதுகிறார்கள். அது அநியாயம். பாலிமர் தட்டிலிருந்து எலிக்கும், எலியிலிருந்து முயலுக்கும் நாய்க்கும், பிறகு மனிதருக்கும் என்று படிப்படியாக ஏறி வந்தது. ஒவ்வொரு படியிலும் அவருடைய குழுவைச் சேராதவர்களும் அதை வெட்டிப் பார்த்து எழுதினார்கள். மாத்திரை அந்தப் படிகளைத் தாண்டிக் குதித்தது. வேறுபாடு ஆளிடத்தில் இல்லை, ஏறி வந்த வழியில் இருக்கிறது.

செயற்கை இரசாயனத்தைவிடத் தாவரப் பொருள் உடலுக்கு இணக்கமாகத்தானே இருக்கும்? நாளடைவில் கரைந்துவிடும் என்பதால் பயமும் இல்லையே?
— இயற்கை ஆர்வலர், புதுச்சேரி

தங்கள் ஆர்வத்தை மதிக்கிறேன். ஆயினும் இரண்டு கருத்தையும் ஏற்க முடியவில்லை.

முதலில் செல்லுலோஸையே எடுத்துக்கொள்ளுங்கள். உலகில் அதைவிட அதிகமாகக் கிடைக்கும் தாவரப் பாலிமர் வேறு இல்லை. ஆனால் அதை வெட்டும் செல்லுலேஸ் என்ற நொதி நம் உடலில் கிடையாது. பசுவின் உடலிலும் கிடையாது; புல்லைச் செரிப்பது பசுவின் அசையூண் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிரிகள். எலும்புக்குள் அந்த நுண்ணுயிரிகள் இல்லை, இருந்தால் அது சீழ். ஆகவே எலும்பில் வைத்த செல்லுலோஸ், வேதிமுறையில் மாற்றி வைத்தாலொழிய, பெரும்பாலும் அங்கேயே இருக்கும். தாவரத்திலிருந்து வந்தது என்பதைக் கேட்டு நம் பெருவிழுங்கு செல்கள் மரியாதை காட்டுவதில்லை. விழுங்க முடியாததைக் கண்டால் பல செல்கள் ஒன்றாய்க் கூடிப் பேருருவச் செல்லாகிச் சுற்றிவளைக்கின்றன.

அடுத்து, கரைவது. சோளத்தையோ கரும்பையோ புளிக்கவைத்துப் பெறும் லாக்டிக் அமிலத்திலிருந்து செய்யும் பாலிலாக்டிக் அமிலத்தைப் பற்றித் தாங்கள் படித்திருப்பீர்கள். அது நீரால் மெல்லச் சிதைந்து மீண்டும் லாக்டிக் அமிலமாகி, கடைசியில் நீராகவும் கரியமில வாயுவாகவும் வெளியேறிவிடும். 1966இலேயே குல்கர்னி என்பவரும் அவருடைய சகாக்களும் அமெரிக்க இராணுவத்துக்காகக் கினிப்பன்றியிலும் எலியிலும் அதை வைத்து, திசுவுக்குக் கேடில்லை என்று அறிவித்தார்கள். கணக்கு மிகச் சரியாகத்தான் இருந்தது.

நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் நடந்ததைக் கேளுங்கள். கன்ன எலும்பு முறிந்த பத்து நோயாளிகளுக்கு அதே வகைப் பாலிமரால் செய்த தகடும் திருகும் வைத்தார்கள்; 1987இல் அதைப் பற்றி எழுதினார்கள். எலும்பு நன்றாகக் கூடியது. உலோகத் தகடாக இருந்தால் எடுப்பதற்கு இன்னோர் அறுவைச் சிகிச்சை வேண்டும். இதற்கு வேண்டாம் என்பதால் எல்லாருக்கும் மகிழ்ச்சி. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கழித்து, அவர்களுள் சிலர் கன்னத்தில் வீக்கத்தோடு திரும்பி வந்தார்கள். திறந்து பார்த்தபோது, தகடு கரைந்து மறைந்திருக்கவில்லை. ஊசிபோன்ற நுண்படிகத் துகள்களாக உடைந்து, அவற்றைத் தின்று தீர்க்க முடியாத பெருவிழுங்கு செல்கள் சூழ நின்றுகொண்டிருந்தன. பாலிமரின் படிகப் பகுதி மற்றதைவிட மிக மெதுவாகச் சிதைகிறது என்பதால், கடைசித் துகள்கள் போக ஐந்தாண்டுக்கும் மேலாகலாம் என்று பிறகு தெரிந்தது. 1993இல் அந்தக் குழுவினரே இதை ஒளிக்காமல் வெளியிட்டார்கள்; அந்த நேர்மைக்காக நான் அவர்களை நினைத்துக்கொள்வதுண்டு.

இப்போது சோதனை எலியை நினைத்துப் பாருங்கள். எலியின் ஆயுள் இரண்டிலிருந்து மூன்று ஆண்டு. சோதனை பெரும்பாலும் பன்னிரண்டு வாரத்தில் முடிகிறது. மூன்றாம் ஆண்டில் வரும் வீக்கத்தைப் பன்னிரண்டு வாரம் பார்த்தவர்கள் எப்படிக் கண்டிருப்பார்கள்? விலங்குச் சோதனை பொய் சொல்லவில்லை. கேட்ட காலத்துக்கு மட்டும் பதில் சொன்னது. அதனால்தான் எலியில் 50 விழுக்காடு அதிக எலும்பு என்ற கனடாச் செய்தியைப் படித்தபோதும் என் மனம் அந்த எண்ணில் நிற்காமல், பன்னிரண்டாம் வாரத்துக்குப் பின் அந்தச் செல்லுலோஸ் எங்கே போகும் என்பதிலேயே நின்றது. கரையும் பாலிமர்களைச் சோதிப்பவர்கள் இப்போது, பொருளை முன்கூட்டியே வெந்நீரில் பாதி சிதைத்து, அந்தச் சிதைந்த துகளை விலங்கில் வைத்துப் பார்க்கிறார்கள். மூன்றாம் ஆண்டை முதல் மாதத்துக்கே அழைத்து வரும் உத்தி அது. குரோனிங்கன் குழுவினரே இதையும் செய்து காட்டினார்கள்.

எலும்பு முறிந்தால் எங்கள் ஊரில் பிரண்டை அரைத்துக் கட்டுவார்கள். அதுவும் இந்த வகையில் சேருமா?
— வாசகி, திண்டுக்கல்

சேராது. பிரண்டை, எலும்பு கூடுவதை விரைவுபடுத்தும் மருந்து என்று கருதப்படுவது. காலியிடத்தை நிரப்பும் பொருளன்று. காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் உடுப்பாவும் பிரசாத்தும் 1960களில் விலங்குகளில் எலும்பை முறித்துப் பிரண்டையின் விளைவைச் சோதித்து எழுதியிருக்கிறார்கள். அந்தக் கதையை வேறொரு மாதம் பார்ப்போம்.

நம் வலி தீர அந்த வாயில்லா ஜீவன்களை வதைப்பது தர்மமா? கணினியிலோ செல்களிலோ செய்து பார்க்க முடியாதா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருவண்ணாமலை

எளிதாக ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. தட்டில் வளரும் செல்லுக்கு இரத்த ஓட்டம் இல்லை, நடக்கும்போது ஏறும் பளு இல்லை, அந்நியப் பொருளைச் சூழும் பாதுகாப்புப் படையும் இல்லை. எலும்பு மாற்றுப்பொருள் தோற்பது பெரும்பாலும் இந்த மூன்றில்தான். நச்சுத்தன்மையை அறிவதற்கு விலங்கு தேவையில்லாத முறைகள் வளர்ந்துவிட்டன. எலும்பு கூடுகிறதா என்பதை அறிய இன்னும் அப்படி ஒரு முறை வரவில்லை.

ஆனால் வேண்டியதைவிட அதிகமாக வதைக்கப்படுகிறது என்பதை மறுக்க மாட்டேன். ரசல், பர்ச் என்ற இரு ஆங்கிலேயர்கள் 1959இல் மூன்று கடமைகளைச் சொன்னார்கள். முடிந்த இடத்தில் விலங்குக்கு மாற்று தேடு, எண்ணிக்கையைக் குறை, துன்பத்தைத் தணி. நம் நாட்டில் 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த குழுவிடம் நிறுவனம் பதிவு செய்திருக்க வேண்டும்; அந்நிறுவனத்தில் உள்ள விலங்கு நெறிமுறைக் குழு அனுமதித்த பிறகுதான் ஒரு முயலைத் தொட முடியும். மயக்க மருந்தும் வலிநிவாரணியும் தர வேண்டும். முயல் வலியை வெளியே காட்டாத பிராணி. மூலையில் ஒதுங்கும், தீனி தின்னாது, குடல் இயக்கம் நின்று அதனாலேயே இறந்துவிடவும் கூடும். எனவே அறுவைச் சிகிச்சைக்கு மறுநாள் காலை கூண்டுத் தட்டில் புழுக்கை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் நல்ல பராமரிப்பாளரின் முதல் வேலை. நான் மேலே சொன்ன 3 மில்லிமீட்டர்த் துளை முயல்களுக்கும் அனுமதி வாங்கியிருந்தார்கள். காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தது. துளையின் அளவைக் கேட்கத் தெரிந்த ஒருவர் அந்தக் குழுவில் இல்லாமற்போனதே குறை.

சோதனை முடிந்தபின் அந்த முயல்களை என்ன செய்வார்கள், தாத்தா? வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களா?
— ஆறாம் வகுப்பு மாணவி, காரைக்குடி

இல்லை, கண்ணு. பாலிமரைச் சுற்றி எலும்பு எப்படி வளர்ந்திருக்கிறது என்று பார்க்க, அந்த எலும்பை அப்படியே எடுக்க வேண்டும். அதனால் முயலை வலி தெரியாமல் மயக்கத்திலேயே கொன்றுவிடுகிறார்கள். நான்காவது வாரம், எட்டாவது வாரம், பன்னிரண்டாவது வாரம் என்று மூன்று தடவை பார்க்க வேண்டுமென்றால் ஒவ்வொரு தடவைக்கும் தனித்தனி முயல்கள் வேண்டியிருந்தது. இப்போது நுண்சிடி ஸ்கேன் என்று ஒரு கருவி இருக்கிறது. அதில் உயிருள்ள எலியைச் சற்று நேரம் தூங்கவைத்து, அதே எலியின் எலும்பை வாராவாரம் படம் பிடிக்கலாம். மூன்று எலிகள் தேவைப்பட்ட இடத்தில் ஒன்றே போதும். முயலைப் படம் பிடிக்கும் அளவு பெரிய கருவி விலை அதிகம் என்பதால் சில இடங்களில் மட்டுமே இருக்கிறது.